டேக் பெயரை மட்டும் நம்பினால்

எக்ஸ்எம்எல் தன்னைத்தானே விளக்கிக்கொள்ளும், டேக்கின் பெயரைப் படித்தாலே உள்ளே இருப்பது தெரிந்துவிடும், ஆகவே எந்த எலிமென்ட்டை எங்கிருந்து பிடுங்கினாலும் பொருள் கூடவே வந்துவிடும். பயிற்சி வகுப்புகளில் ஓயாமல் காதில் விழும் பேச்சு இது. சுத்தத் தவறு. எலிமென்ட் பெயர்களுக்கு என்ன பொருள் என்பதில் தலையிடுவதில்லை என்று, 1998 பிப்ரவரியில் வெளியான எக்ஸ்எம்எல் 1.0 விதிமுறையே சொல்லிவிட்டது. அதைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் பாடம் நடத்தினால் எப்படி?

ஐரோப்பிய மின் விலைப்பட்டியல்களில் புழங்கும் யூபிஎல் கோப்பு ஒன்றைத் திறந்தாலே உண்மை தெரியும். 'ஐடி' என்ற எலிமென்ட் திரும்பத் திரும்ப வரும். இன்வாய்ஸுக்கு நேர் கீழே இருந்தால் அது பில் எண். இன்வாய்ஸ்லைனுக்குள் வந்தால் வரிசை எண். டாக்ஸ்கேட்டகரிக்குள் 'எஸ்' என்றிருந்தால் வழக்கமான வரி விகிதம் என்று அர்த்தம். டாக்ஸ்ஸ்கீமுக்குள் அதே ஐடி 'விஏடி' என்று வரியின் வகையைச் சொல்லும். நான்குக்கும் ஒரே பெயர், ஒரே நேம்ஸ்பேஸ். எக்ஸ்எம்எல்லுக்குள் தேட உதவும் எக்ஸ்பாத்தில் இரட்டைச் சாய்கோடு போட்டு ஐடியைத் தேடினால் எல்லாம் ஒரே குவியலாக வந்து விழும். அதில் கிடக்கும் '1' பில் எண்ணா, முதல் வரிசையா? பேரன்ட்டைப் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. முழுப் பாதையையும் எழுதச் சோம்பல்பட்டால், வரிசை எண் பில் எண்ணாகக் கணக்கில் ஏறும்.

அதற்காக எதையும் தனியே எடுக்கவே கூடாது என்பதில்லை. வடிவமைத்தவர்கள் ஏற்பாடு செய்திருந்தால் தாராளமாக எடுக்கலாம். வலை ஃபீடுகளுக்காக 2005இல் வந்த 'ஆட்டம்' விதிமுறை நல்ல உதாரணம். என்ட்ரியில் ஆசிரியர் பெயர் இல்லையென்றால் ஃபீடின் ஆசிரியரே அதற்கும் ஆசிரியர். அந்த என்ட்ரியை வேறு ஃபீடில் அப்படியே ஒட்டினால் எழுதியவர் காணாமல் போவார். இதை முன்கூட்டியே யோசித்துத்தான் 'சோர்ஸ்' எலிமென்ட்டை வைத்தார்கள். மூல ஃபீடின் விவரங்கள் அதற்குள் என்ட்ரியோடு சேர்ந்தே பயணிக்கும்.

எக்ஸ்எம்எல் பற்றிய மற்ற தவறான நம்பிக்கைகளுக்குத் தலா ஒரு வரி போதும். நேம்ஸ்பேஸ் முன்னொட்டின் எழுத்துகள் முக்கியமல்ல, அது சுட்டும் முகவரிதான் முக்கியம். அந்த முகவரியில் வலைப்பக்கம் இருந்தே ஆகவேண்டும் என்பதும் இல்லை. அட்ரிபியூட்டுகளின் வரிசைக்குப் பொருள் கிடையாது. எலிமென்ட்டுகளின் வரிசைக்கு உண்டு.

எலிமென்ட்டைத் தனியே எடுக்கும்போது பலரும் கண்டுகொள்ளாத இழப்பு ஒன்று இருக்கிறது: மொழி. 'எக்ஸ்எம்எல்:லாங்' என்று மேலே ஓரிடத்தில் எழுதினால் உள்ளே இருக்கும் எல்லாவற்றுக்கும் அது செல்லும். நடுவிலிருந்து ஒரு பத்தியை வெட்டினால் அந்தக் குறிப்பு போய்விடும். தேவநாகரி எழுத்தில் உள்ள பத்தி இந்தி மொழியா, மராத்தி மொழியா என்று திரைவாசிப்பு மென்பொருள் எழுத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. பார்வையற்ற வாசகர் தவறான உச்சரிப்பைக் கேட்க நேரும். துண்டை வெட்டும் நிரலே மேலே ஏறிப்போய், மிக அருகில் உள்ள மொழிக் குறிப்பை எடுத்துவந்து துண்டின் மேல்மட்ட எலிமென்ட்டில் எழுதிவிட வேண்டும். இதற்கு உதவும் ஆன்செஸ்டர்-ஆர்-செல்ஃப் ஆக்ஸிஸ், 1999இல் வந்த எக்ஸ்பாத் 1.0இலிருந்தே இருக்கிறது.