கடையில் வாங்கிய க்ரீம்

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதத்தில் பாதிக்கு மேல் க்ரீம் பிழியும் நாசில் எண்களைப் பற்றித்தான் கேட்டிருக்கிறாய். ஆனால் என் மனம் நின்றது நடுவில் நீ எழுதியிருந்த ஒரு வரியில். ஸ்பாஞ்சை நீயே சுடுகிறாய், மேலே பூசும் க்ரீமை மட்டும் கடையில் வாங்குகிறாய், அதை யாரோ குத்திக்காட்டிவிட்டார்கள். அந்தப் பேச்சை மனத்திலிருந்து எடுத்துவிடு. நம் ஊர் வெயிலில் வெறும் பால் க்ரீமைப் பிழிந்து பூ செய்தால் மண்டபத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் சாய்ந்துவிடும். மளிகைக்கடையில் கிடைக்கும் ஃப்ரெஷ் க்ரீமில் கொழுப்பு 25 சதவீதம்தான். அடித்தால் எழும்பி நிற்க 30 சதவீதமாவது வேண்டும். ஆகவே நான்-டெய்ரி விப்பிங் க்ரீம் கார்ட்டனை வாங்குவது சோம்பேறித்தனம் அல்ல. கேக் மாவுக்குக் காட்டும் கவனத்தை அந்தக் கார்ட்டனுக்குக் காட்டாமல் விடுவதுதான் தவறு. நம்மில் பலர் செய்வது அதைத்தான்.

இந்தக் க்ரீம் ஏன் உறைந்த நிலையில் விற்கப்படுகிறது என்று யோசித்திருக்கிறாயா? 1945-இல் அமெரிக்காவின் பஃபலோ நகரத்து ராபர்ட் ரிச் என்பவர் சோயாவிலிருந்து ஒரு விப்பிங் க்ரீமை உருவாக்கினார். அதை விற்பனையாளர்களுக்குக் காட்ட உலர்பனியில் பொதிந்து ரயிலில் கொண்டுபோனார். போய்த் திறந்தால் எல்லாம் கட்டியாக உறைந்திருந்தது. வேறு வழியில்லாமல் அதை வெட்டி எடுத்து அடித்துப் பார்த்தார்; நன்றாகவே எழும்பியது. இந்தக் க்ரீமை உறையவைத்துச் சேமிக்கும் வழக்கம் அங்கிருந்துதான் தொடங்கியது. இன்று நம் கைக்கு வருவதில் பெரும்பாலும் கெட்டியாக்கிய பாம் கெர்னல் எண்ணெய். குளிரில் அந்தக் கொழுப்பு சிறு படிகங்களாக இறுகி, அடிக்கும்போது உள்ளே போகும் காற்றுக் குமிழிகளைச் சுற்றிப் பிடித்துக்கொள்கிறது. சூடு ஏறினால் பிடி தளர்ந்துவிடும். க்ரீம் அடிப்பதில் உள்ள எல்லா விதிகளும் இதிலிருந்துதான் வருகின்றன.

ஆர்டருக்கு முந்தின நாளே கார்ட்டனை ஃப்ரீசரிலிருந்து எடுத்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வை. அவசரத்துக்கு வெந்நீரில் போடாதே. ஓரம் இளகி நடு கட்டியாகவே இருக்கும். ஊற்றும்போது ஓரிரண்டு பனித்துகள் மிதந்தால் நல்லதுதான். பாத்திரத்தையும் பீட்டர் கம்பியையும் கால் மணி நேரம் குளிரவை. ஒரு கிலோ கேக்குக்குச் சுமார் 300 மில்லி போதும், ஏனென்றால் அது மூன்று மடங்காகப் பெருகும். நடுத்தர வேகத்திலேயே அடி. கம்பி போகும் தடம் கலையாமல் நிற்கத் தொடங்கியதும் கையை மெதுவாக்கு. பூசுவதற்கு, தூக்கினால் நுனி வளைந்து விழும் பதம் வேண்டும். பிழிவதற்கு அதைவிட இன்னும் கொஞ்சம். அதையும் தாண்டினால் கொழுப்பு திரண்டு ரவை ரவையாகிவிடும், பூவின் விளிம்பு கிழிந்துபோகும். அப்படி ஆனால் தூக்கிப் போடாதே. அடிக்காத க்ரீமை இரண்டு ஸ்பூன் ஊற்றிக் கரண்டியால் மடித்துக் கலந்தால் பெரும்பாலும் திரும்பி வந்துவிடும். கார்ட்டனில் மிஞ்சியதை ஃப்ரிட்ஜில் வைத்துச் சில நாளில் தீர்த்துவிடு. மறுபடி உறையவைக்காதே.

இந்தக் க்ரீமில் ஏற்கெனவே சர்க்கரை இருக்கிறது. இதை மறந்து ஸ்பாஞ்சிலும் சர்க்கரை, சிரப்பிலும் சர்க்கரை என்று போவதால்தான் நம் வீட்டுக் கேக்குகள் இரண்டாவது வாயிலேயே திகட்டுகின்றன. சிரப்பை நீர்க்கச் செய். நடு அடுக்கில் கொஞ்சம் புளிப்போ கசப்போ வை. எனக்குப் பிடித்தது கெட்டியான முதல் டிகாஷன். நன்றாக ஆறவைத்து ஒரு ஸ்பூன் கலந்தால் க்ரீமின் மந்தமான இனிப்பு எழுந்து நிற்கும். சிட்டிகை உப்பும் அதைச் செய்யும். டப்பாவில் வாங்கிய க்ரீமை உன்னுடையதாக்குவது இந்த மாதிரிச் சின்ன முடிவுகள்தான். எத்தனை ரோஜா பிழிந்தாய் என்பது அல்ல.

சூப்பர் மார்க்கெட்டில் இறக்குமதி டின்களில் வரும் ஃப்ராஸ்டிங் வேறு பொருள். அதை எழுப்ப வேண்டியதில்லை, அப்படியே பூசலாம். ஆனால் இரண்டு நிமிடம் பீட்டரில் அடித்தால் காற்று ஏறி மிருதுவாகும், அளவும் கூடும். நம் சூட்டில் உயரமான பூக்களுக்கு அதை நம்பாதே.

பூசுவதற்கு முன் ஸ்பாஞ்ச் முழுக்க ஆறியிருக்க வேண்டும். மெல்லிய முதல் பூச்சு பூசி, துகள்களை அதிலேயே சிறைபிடித்து, அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்த பிறகே இரண்டாவது பூச்சு. பக்கங்களைச் சமன் செய்ய ஸ்க்ரேப்பரை அசையாமல் பிடித்து டர்ன்டேபிளைச் சுற்று. உன் படங்களில் தெரியும் கோடுகள் கை நகர்ந்ததால் வந்தவை.

நிறத்தைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு பஞ்சுமிட்டாயைத் தடை செய்தது நினைவிருக்கும். அதில் கண்டது ரோடமைன் பி, துணிக்குப் போடும் சாயம். உன் கேக்கைச் சாப்பிடப்போவதும் பஞ்சுமிட்டாய் தின்னும் அதே வயதுக் குழந்தைகள். லேபிளும் உரிம எண்ணும் இல்லாமல் பொட்டலமாக வரும் பொடியைத் தொடாதே. அனுமதிக்கப்பட்ட செயற்கை நிறங்களுக்கும் நம் நாட்டில் வரம்பு உண்டு. அடர் சிவப்பு வேண்டும் என்று கேட்பவரிடம் இளஞ்சிவப்பு அழகாக இருக்கும் என்று எடுத்துச் சொல்; சிவப்புக்காக ஜெல்லைக் கொட்டினால் க்ரீம் கசக்கும், நீர்க்கவும் செய்யும். கறுப்பு கேட்டால் கோகோ கலந்த க்ரீமிலிருந்து தொடங்கு.

லேபிளின் மறுபக்கத்தையும் படி. நான்-டெய்ரி என்று எழுதியிருக்கும் பல கார்ட்டன்களின் பொருள் பட்டியலில் சோடியம் கேசினேட் இருக்கும். அது பாலின் புரதம். பால் ஒவ்வாமை உள்ள குழந்தை இருக்கிறதா என்று ஆர்டர் எடுக்கும்போதே கேள். இருந்தால் அந்தக் க்ரீமைப் பயன்படுத்தாதே. பணம் போனாலும் போகட்டும். எந்தக் க்ரீம் என்று யார் கேட்டாலும் பெயரைச் சொல்லிவிடு. மறைக்க அதில் ஒன்றுமில்லை.

கடைசியாக, பெயர் எழுதுவது. ஆங்கிலத்தில் மட்டும் எழுதிப் பழகியிருக்கிறாய். தமிழில் எழுதிப் பார். நம் எழுத்தின் வளைவுகள் சாக்லேட் கோனுக்கு ஒத்துவரும். ‘ழ’வின் வாலையும் ‘கு’வின் சுழியையும் கையெடுக்காமல் ஒரே இழுப்பில் கொண்டுவர முடியும். புள்ளிகளைக் கடைசியில் வை, இல்லாவிட்டால் கை பட்டு இழுபடும். முதலில் ஒரு தட்டில் முழுப் பெயரையும் எழுதி எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பார். ‘கார்த்திகேயன்’ அரைக்கிலோ கேக்கில் ஒரு வரியில் அடங்காது. எந்த எழுத்து என்று வீட்டாரிடமே எழுதி வாங்கிக்கொள். ‘ஷ’வா ‘ச’வா என்பதை நீயாக முடிவு செய்யாதே, அது அந்தக் குழந்தையின் பெயர்.

நாசில் எண்களைத் தனித்தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உன் அக்கா