கவனம் சிதறுகிறதா?

• மளிகைப் பட்டியலை எழுதிப் பைக்குள் வையுங்கள். கடையில் நினைவிலிருந்தே சொல்லுங்கள்; பணம் கொடுக்கும் முன் எடுத்துச் சரிபாருங்கள்.

• 100-லிருந்து ஏழேழாகக் கழியுங்கள்: 93, 86, 79... கவனத்தைச் சோதிக்க மருத்துவர்கள் கேட்கும் கணக்கு இது. பழகிவிட்டால் 13 கழித்துப் பாருங்கள்.

• பல்லாங்குழியில் கை வைக்கும் முன், எந்தக் குழியில் எடுத்தால் காய் எங்கே தீரும் என்று மனத்துக்குள்ளேயே ஓட்டிப் பாருங்கள்.

• படிக்கும்போது செல்போன் அடுத்த அறையில் இருக்கட்டும். 25 நிமிடம் ஒரே வேலை. 5 நிமிடம் ஓய்வு.

• ஒரே வகைப் புதிரைத் தினமும் போட்டால் பெரும்பாலும் அதில்தான் கை தேறும். அவ்வப்போது மாற்றுங்கள்.

• இரவில் 7 மணி நேரமாவது தூங்குங்கள். தூக்கம் கெட்டால் எந்தப் பயிற்சியும் பலிக்காது.