ஃபார்மட் செய்யக் கொடுக்காதீர்கள்

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. மடிக்கணினியில் விண்டோஸ் 11, உபுண்டு இரண்டும் இருந்தன; விண்டோஸ் அப்டேட் ஒன்று ஓடி முடிந்தபின் கணினி நேராக விண்டோஸுக்கே போகிறது; இறுதியாண்டு ப்ராஜெக்ட் முழுவதும் உபுண்டுவுக்குள் இருக்கிறது; சர்வீஸ் கடைக்காரரோ "உபுண்டு அழிஞ்சு போச்சு, ஃபார்மட் பண்ணித் திரும்பப் போட்டாத்தான் உண்டு" என்கிறார். எல்லாவற்றையும் எழுதிவிட்டுக் கடைசி வரியில் "கொடுத்துவிடவா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

கொடுக்காதீர்கள். உங்கள் ப்ராஜெக்ட் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே பத்திரமாக இருக்கிறது. கடைக்காரர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. விண்டோஸைத் திறந்து பார்த்திருப்பார், உபுண்டு இருக்கும் பகுதி கண்ணில் பட்டிருக்காது. உபுண்டு தன் கோப்புகளை எழுதும் எக்ஸ்ட்4 முறையை விண்டோஸ் தானாகப் படிக்காது. விண்டோஸில் டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்து பாருங்கள். சி, டி என்று எழுத்து ஏதும் இல்லாமல், நீங்கள் உபுண்டுவுக்கு ஒதுக்கிய அளவிலேயே ஒரு பார்ட்டிஷன் நிற்கும். அது இருந்தால் உங்கள் வேலையும் இருக்கிறது. அதன்மேல் வலது கிளிக் செய்து எதையும் அழுத்த வேண்டாம். "இதை ஃபார்மட் செய்யவா?" என்று விண்டோஸ் கேட்டால் ரத்து செய்துவிடுங்கள்.

இனி, நடந்தது என்ன என்று பார்ப்போம். பவர் பட்டனை அழுத்தியதும் முதலில் எழுந்திருப்பது மதர்போர்டில் இருக்கும் ஃபர்ம்வேர். பழக்கத்தில் அதை பயாஸ் என்கிறோம். உங்கள் கணினியில் இருப்பது அதற்குப் பின் வந்த யூஇஎஃப்ஐ. விண்டோஸ் 11 அதைத்தான் கேட்கிறது என்பதால் இதை உங்கள் மடிக்கணினியைப் பார்க்காமலே சொல்லலாம். ஃபர்ம்வேர் தன் சில்லுக்குள் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அதில் "விண்டோஸ் பூட் மேனேஜர்", "உபுண்டு" என்று பெயர்கள், ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கோப்பின் முகவரி, எது முதலில் என்ற வரிசை. அந்தக் கோப்புகள் இருப்பது டிஸ்கில் ஈஎஸ்பி என்ற சிறிய பார்ட்டிஷனில். சில நூறு எம்பிதான் இருக்கும். அதற்குள் மைக்ரோசாஃப்டுக்கு ஒரு கோப்புறை, உபுண்டுவுக்கு ஒரு கோப்புறை. வரிசையில் உபுண்டு முதலில் இருந்தால் ஷிம் என்ற சிறு நிரல் ஓடும். அது கிரப்பை எழுப்பும். கிரப் உங்களுக்குப் பழக்கமான மெனுவைக் காட்டும். அடுக்குமாடி வாசலில் காவலர் வைத்திருக்கும் நோட்டு போலத்தான் இந்தப் பட்டியல். நோட்டில் உங்கள் பெயர் கீழே போய்விட்டது என்பதற்காக மூன்றாவது மாடியில் வீடு இடிந்துவிடாது.

பழைய பயாஸ் காலத்தில் நிலைமை மோசம். டிஸ்கின் முதல் 512 பைட்டுகளில் 446 பைட்டுகள்தான் பூட் நிரலுக்கான இடம். அந்த ஒரே இடத்தில் இரண்டு இயங்குதளங்களும் உட்கார முடியாது. விண்டோஸைத் திரும்ப நிறுவினால் கேட்காமலே கிரப்பை அழித்துவிட்டுத் தன்னுடையதை எழுதிக்கொள்ளும். "விண்டோஸ் வந்தால் லினக்ஸ் போய்விடும்" என்று கடைகளில் இன்றும் சொல்வது அந்தக் காலத்து அனுபவம். இப்போது ஆளுக்கொரு கோப்புறை இருப்பதால் பெரும்பாலும் மாறுவது வரிசை மட்டுமே. பெரிய அப்டேட்டுகளும், அப்டேட்டோடு சேர்ந்து வரும் பயாஸ் புதுப்பிப்பும் விண்டோஸை மேலே தூக்கி வைத்துவிடும்; சில சமயம் மற்ற பெயரைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடும்.

ஆகவே முதல் சோதனைக்கு எந்தக் கருவியும் வேண்டாம். கணினியை முழுவதுமாக அணைத்து, திரும்பப் போட்டவுடன் பூட் மெனு விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். டெல், லெனோவோ என்றால் எஃப்12, எச்பி என்றால் எஃப்9, ஏசூஸ் மடிக்கணினி என்றால் எஸ்கேப். வரும் பட்டியலில் "உபுண்டு" இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். உள்ளே போனதும் முதல் வேலையாக ப்ராஜெக்டைப் பென் டிரைவில் நகலெடுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். பிறகு பயாஸ் அமைப்பில் பூட் ஆர்டர் பகுதிக்குப் போய் உபுண்டுவை மேலே ஏற்றிவிட்டால் வேலை முடிந்தது. சில மடிக்கணினிகளின் ஃபர்ம்வேர் எத்தனை முறை மாற்றினாலும் விண்டோஸையே முதலில் வைக்கும். அவற்றோடு மல்லுக்கட்டுவதைவிடத் தேவைப்படும்போது பூட் மெனு விசையை அழுத்திக்கொள்வது மேல் என்பது என் கட்சி.

பட்டியலில் உபுண்டுவே இல்லையென்றால்? சில பயாஸ்களில் புதிய பூட் வழியைச் சேர்க்கும் வசதி இருக்கும். ஈஎஸ்பிக்குள் போய் உபுண்டு கோப்புறையில் ஷிம் கோப்பைக் காட்டினால் போதும். அந்த வசதி இல்லையென்றால் உபுண்டு பென் டிரைவிலிருந்து, நிறுவாமல், "முயன்று பார்" என்ற வழியில் கணினியைத் திறங்கள். எஃபிபூட்எம்ஜிஆர் என்ற கட்டளை ஃபர்ம்வேரின் பட்டியலை அப்படியே காட்டும், விட்டுப்போன பெயரைச் சேர்க்கவும் செய்யும். பென் டிரைவையும் யூஇஎஃப்ஐ முறையில்தான் திறக்க வேண்டும். பூட் மெனுவில் அதே பென் டிரைவ் இரண்டு முறை தெரிந்தால் யூஇஎஃப்ஐ என்ற முன்னொட்டு உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். பழைய முறையில் திறந்துவிட்டால் அந்தக் கட்டளை பட்டியலைத் தொடவே முடியாது. பூட்-ரிப்பேர் என்ற கருவியைப் பலர் பரிந்துரைப்பார்கள். நல்ல கருவிதான், ஆனால் அதன் பெரிய பட்டன் ஒரே அழுத்தில் பலவற்றை மாற்றும். எது கெட்டது என்று தெரிந்தபின் அதைத் தொடுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு எச்சரிக்கை. என் கடிதத்தில் வேறெதையும் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள். விண்டோஸ் 11 பல மடிக்கணினிகளில் டிஸ்கைத் தானாகவே பூட்டி வைக்கிறது. பிட்லாக்கர் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். பயாஸில், நம்பகமான கையொப்பமுள்ள பூட் நிரல்களை மட்டும் ஓடவிடும் செக்யூர் பூட்டை அணைத்தாலோ, பூட் வழியை மாற்றினாலோ, யாரோ கணினியில் கை வைத்துவிட்டதாக அது எடுத்துக்கொண்டு 48 இலக்கச் சாவியைக் கேட்கும். சாவி இல்லையென்றால் விண்டோஸ் பக்கத்துக் கோப்புகள் போனவைதான், கடைக்காரராலும் மீட்க முடியாது. இப்போது விண்டோஸ் திறக்கும்போதே உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அந்தச் சாவியைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கும் வசதியும் இருக்கிறது. பயாஸில் கை வைக்கும் முன் அதைச் செய்யுங்கள். கிரப் மெனு வழியாக விண்டோஸுக்குப் போகும்போது அடிக்கடி சாவி கேட்டால், விண்டோஸை மட்டும் ஃபர்ம்வேரின் பூட் மெனுவிலிருந்தே திறந்துகொள்ளுங்கள்.

செக்யூர் பூட் என்றதும் 2024 ஆகஸ்ட் நினைவுக்கு வருகிறது. அந்த மாதம் 13-ஆம் தேதி வந்த விண்டோஸ் அப்டேட், உலகம் முழுக்க இரட்டை இயங்குதளக்காரர்களின் லினக்ஸைத் தடுத்தது. உபுண்டுவைத் தேர்ந்தெடுத்தால் "சம்திங் ஹேஸ் கான் சீரியஸ்லி ராங்" என்று எழுதிக் காட்டிவிட்டுக் கணினி அணைந்துவிடும். கிரப்பில் 2022-இல் வெளியான ஒரு பாதுகாப்பு ஓட்டையை அடைப்பதற்காக, பழைய பூட் நிரல்களை ஏற்காதே என்று எஸ்பேட் என்ற விதியை மைக்ரோசாஃப்ட் ஃபர்ம்வேரில் எழுதியது. இரண்டு இயங்குதளங்கள் உள்ள கணினிகளுக்கு இந்த விதி போகாது என்றுதான் சொல்லியிருந்தார்கள். ஆனால் அப்படிப்பட்ட கணினி எது என்று கண்டுபிடிக்கும் சோதனை பல இடங்களில் தவறிவிட்டது. வெளிவந்த வழி இது: செக்யூர் பூட்டை அணைத்து உபுண்டுவுக்குள் போய், மோக்யூட்டில் கட்டளையால் அந்த விதியை அழித்து, கணினியை மறுபடி துவக்கி ஒருமுறை உபுண்டுவுக்குள் போய்வந்து, பிறகு செக்யூர் பூட்டைத் திரும்பப் போடுவது. சிக்கல் முழுதாகத் தீர்ந்ததாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது 2025 மே மாதத்தில்தான். இத்தனைக்கும் நடுவில் பாதிக்கப்பட்டவர்களின் உபுண்டு ஒரு பைட்டும் குறையாமல் டிஸ்கில் இருந்தது. அந்த வாக்கியத்தைப் பார்த்துப் பயந்து ஃபார்மட் செய்தவர்கள்தான் இழந்தார்கள்.

நேர்மாறான புகாரும் உண்டு. உபுண்டு திறக்கிறது, மெனுவில் விண்டோஸைக் காணோம் என்பார்கள். 2021-இல் வந்த கிரப் 2.06 முதல், மற்ற இயங்குதளங்களைத் தேடும் ஓஎஸ்-ப்ரோபர் என்ற துணைநிரல் பாதுகாப்புக் காரணத்துக்காக அணைத்து வைக்கப்பட்டது. கிரப்பின் அமைப்புக் கோப்பில் அதை இயக்கச் சொல்லி ஒரு வரி சேர்த்து, அப்டேட்-கிரப் கட்டளை கொடுத்தால் விண்டோஸ் மெனுவுக்கு வந்துவிடும்.

கறுப்புத் திரையில் "கிரப் ரெஸ்க்யூ" என்றோ வெறுமனே "கிரப்" என்றோ வந்து நின்றால், கிரப் எழுந்துவிட்டது, தன் மெனுவும் மற்ற கோப்புகளும் இருந்த பார்ட்டிஷனைத்தான் அதனால் கண்டுபிடிக்க முடியவில்லை. "லினக்ஸ் வேண்டாம்" என்று முடிவு செய்து விண்டோஸிலிருந்து அந்தப் பார்ட்டிஷனை அழித்தவர்களுக்குத்தான் இது அதிகம் வரும். பூட் மெனுவில் விண்டோஸைத் தேர்ந்தெடுத்தால் விண்டோஸ் திறக்கும். அங்கிருந்து வரிசையைச் சரிசெய்துகொள்ளலாம்.

பூட் ஆனபின் தலைகாட்டும் இரண்டு தொல்லைகள். விண்டோஸ் 8 முதல் வந்த ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப், ஷட் டவுன் கொடுத்தாலும் முழுதாக அணையாமல் பாதி உறக்கத்தில் இருக்கும். அந்நேரம் விண்டோஸ் டிரைவை உபுண்டுவில் திறந்தால் படிக்க மட்டும் விடும், அல்லது திறக்கவே திறக்காது. கட்டாயப்படுத்தி எழுதினால் கோப்புகள் கெடும். அதை கண்ட்ரோல் பேனலில் நிரந்தரமாக அணைத்துவிடுங்கள். மற்றது கடிகாரம். மதர்போர்டுக் கடிகாரத்தில் இருப்பது உள்ளூர் நேரம் என்று விண்டோஸ் நம்பும். அது உலகப் பொது நேரம் என்று லினக்ஸ் நம்பும். உபுண்டுவில் வேலை பார்த்துவிட்டுக் காலை பத்து மணிக்கு விண்டோஸைத் திறந்தால் நாலரை என்று காட்டும். நமக்கு வித்தியாசம் எப்போதும் ஐந்தரை மணி நேரம் என்பதால் கண்டுபிடிப்பது சுலபம். டைம்டேட்சிடிஎல் கட்டளையால் உபுண்டுவையும் உள்ளூர் நேரத்துக்கு மாற்றிவிட்டால் தீரும்.

ஒரு கணினியில் இரண்டு இயங்குதளம் என்பதே வம்பு என்று கடைக்காரர் சொன்னதாகவும் எழுதியிருந்தீர்கள். தமிழக அரசு 2011-இல் மாணவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸும், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. அப்போது பள்ளிப் பிள்ளைகள் கையில் இருந்த ஏற்பாடுதான் இது.

இன்றைக்கே செய்ய வேண்டியது, பிட்லாக்கர் சாவியை எழுதிவைத்துவிட்டு பூட் மெனுவைத் திறந்து பார்ப்பது. உபுண்டு அங்கே இல்லையென்றால் எதையும் மாற்றாமல், அந்தப் பட்டியலையும் டிஸ்க் மேனேஜ்மென்ட் திரையையும் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள். திரையில் பிழைச் செய்தி வந்தால் "ஏதோ எர்ரர்" என்று எழுதாமல், அந்த வரியை எழுத்துப் பிசகாமல் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்