துப்பாக்கி புகாத இடங்கள்



சென்ற பொங்கல் விழாவிற்கு முந்தைய நாள் நம் தமிழ் மன்றத்தார் என்னிடம் ஒரு பணியை ஒப்படைத்தனர். விழாவிற்குத் தலைமை தாங்க இசைந்திருந்த பெரியவரை மான்குர்த்தில் கண்டு, அழைப்பிதழைக் கையில் கொடுத்து வர வேண்டும் என்பதே அப்பணி. எளிய பணிதான். ஆயினும் அதில் ஒரு சிக்கல் இருந்தது.

அப்பெரியவர் இளமையில் நெல்லைச் சீமையிலிருந்து வந்து, மண்டாலாவில் பழைய இரும்பு வாணிகம் செய்து, தம் உழைப்பால் உயர்ந்தவர். அப்பகுதித் தமிழர் அனைவருக்கும் அவர் அண்ணாச்சி. நம் மன்றத்திற்கு அவர் செய்துள்ள பொருளுதவி சிறிதன்று. இரவு நேரங்களில் பணத்துடன் செல்ல வேண்டியிருப்பதால் அவர் முறைப்படி உரிமம் பெற்று .32 ரிவால்வர் ஒன்று வைத்திருக்கிறார். சட்டைக்குள், இடுப்பில், தோலுறையில் அது எப்பொழுதும் இருக்கும்.

"அண்ணாச்சி, தவறாக எண்ணக் கூடாது. நாளைக்கு அது மட்டும் வேண்டாம்" என்றேன் தயங்கியபடி.

"ஏன் தம்பி? நான் என்ன கள்ளத் துப்பாக்கியா வைத்திருக்கிறேன்? போலீஸ் கமிஷனர் ஆபீஸில் கொடுத்த லைசென்ஸ் இருக்கிறதே!" என்றார் அவர்.

நண்பர்களே, அண்ணாச்சி கேட்ட கேள்வி நம்முள் பலருக்கும் எழக்கூடியது. அரசாங்கமே உரிமம் கொடுத்த பின் எங்கே சென்றால் என்ன? சட்டம் பயிலும் மாணவன் என்ற முறையில் இதற்கு விடை கூற வேண்டிய கடமை எனக்கு இருந்தது. அவரிடம் கூறியவற்றையும், அதன் பின் படித்துத் தெளிந்தவற்றையும் ஈண்டு எழுதுகிறேன்.

உரிமையா, அனுமதியா?

முதற்கண் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். நம் நாட்டில் துப்பாக்கி வைத்திருப்பது குடிமகனின் அடிப்படை உரிமை அன்று. வெள்ளையர் ஆட்சியில் 1878ஆம் ஆண்டு வந்த ஆயுதச் சட்டம் இந்தியரின் கையிலிருந்து ஆயுதத்தைப் பறித்து, ஐரோப்பியருக்கு விலக்கு அளித்தது. அந்த அவமானம் நம் தலைவர்களின் நெஞ்சில் ஆறாத புண்ணாக இருந்தது. ஆகையால்தான் 1931ஆம் ஆண்டு கராச்சியில் கூடிய காங்கிரஸ் மகாசபை, விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையையும் குடிமக்களின் உரிமைகளுள் ஒன்றாகத் தீர்மானித்தது.

ஆயின், 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச். வி. காமத் அவ்வுரிமையைச் சேர்க்க வேண்டுமென்று திருத்தம் கொணர்ந்தபொழுது சபை அதனை ஏற்கவில்லை. அவ்வுரிமையை எல்லாக் குடிமக்களுக்கும் வழங்கினால் குற்றம் புரிவோரும் அதனைக் கோருவரே என்பது டாக்டர் அம்பேத்கர் காட்டிய இடர்ப்பாடு. முடிவில் அரசியல் சட்டத்தின் 19ஆம் பிரிவில் இடம்பெற்றது எது? அமைதியாகவும் ஆயுதமின்றியும் கூடும் உரிமை! மக்கள் கூடலாம், கூடுமிடத்தில் ஆயுதம் கூடாது. இந்த ஒரு கருத்தை மனத்தில் இருத்திக்கொண்டால், பின்வரும் விதிகள் யாவும் தாமே விளங்கும்.

இன்று நடைமுறையில் உள்ளது 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம். 1962 அக்டோபர் 1ஆம் நாள் அது அமலுக்கு வந்தது. அதன் கீழ் 2016ஆம் ஆண்டு புதிய விதிகள் வகுக்கப்பட்டன. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தால், ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகள் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைக்கப்பட்டன; உரிமத்தின் காலம் மூன்று ஆண்டிலிருந்து ஐந்து ஆண்டாக நீட்டப்பட்டது. மாவட்டங்களில் கலெக்டரும், மும்பை போன்ற நகரங்களில் போலீஸ் கமிஷனரும் உரிமம் வழங்குகின்றனர்.

எங்கெங்கே கூடாது?

"அண்ணாச்சி, அந்த லைசென்ஸைக் கொஞ்சம் கொடுங்கள்" என்று வாங்கினேன். அவர் இத்தனை ஆண்டுகளாகப் படித்துப் பாராத நிபந்தனைகளை எடுத்துக் காட்டினேன். அவற்றுள் ஒன்றின் கருத்து இது: எக்காரணத்திற்காக உரிமம் தரப்பட்டதோ அக்காரணத்திற்காகவே ஆயுதத்தை எடுத்துச் செல்ல வேண்டும், அதிகாரியின் தனி அனுமதி பெற்றாலன்றித் திருவிழாச் சந்தைக்கோ, சமய ஊர்வலத்திற்கோ, வேறு பொதுக்கூட்டத்திற்கோ, கல்வி நிலையத்தின் வளாகத்திற்குள்ளோ அதனைக் கொண்டு செல்லலாகாது.

கல்வி நிலையம் என்று அங்கே தெளிவாகவே சொல்லப்பட்டிருக்கிறது. நம் பொங்கல் விழாவோ கல்வி நிலைய வளாகத்தில் நிகழ்வது. அதே சமயத்தில் பொதுக்கூட்டமும் ஆகும். ஆகவே ஒரு தடைக்கு இரு தடை! இந்நிபந்தனையை மீறுவோர்க்கு ஆறு மாதம் வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். உரிமத்தையும் ரத்து செய்யலாம்.

இரண்டாவது, வாக்குச்சாவடி. 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 134-பி பிரிவின்படி, தேர்தல் நாளன்று வாக்குச்சாவடியின் அண்மையில் ஆயுதத்துடன் செல்வது குற்றம். தேர்தல் அலுவலர்க்கும் போலீசார்க்கும் காவலுக்கு நியமிக்கப்பட்டோர்க்கும் மட்டுமே விலக்கு உண்டு. தண்டனை இரண்டு ஆண்டு வரை சிறை, ஆயுதம் பறிமுதலாகும், உரிமமும் போய்விடும். இது தவிர, தேர்தல் அறிவித்தவுடன் துப்பாக்கிகளைப் போலீஸ் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்லும் வழக்கமும் உண்டு. எல்லாரிடமும் ஒட்டுமொத்தமாக வாங்காமல், ஒவ்வொருவர் நிலையையும் ஆராய்ந்தே கேட்க வேண்டும் என்று பம்பாய் உயர் நீதிமன்றம் கூறியிருக்கிறது.

மூன்றாவது, தடையாணை உள்ள இடம். 1951ஆம் ஆண்டின் மகாராஷ்டிரப் போலீஸ் சட்டம், 37ஆம் பிரிவு, பொது அமைதியைக் காக்கும் பொருட்டு, துப்பாக்கி, வாள், ஈட்டி, கத்தி, தடி முதலியவற்றைப் பொது இடத்தில் எடுத்துச் செல்வதைத் தடுக்கக் கமிஷனருக்கு அதிகாரம் அளிக்கிறது. அத்தகைய ஆணை மும்பையில் அவ்வப்போது பிறப்பிக்கப்படும். உரிமம் வைத்திருப்போர் செய்தித்தாளைப் படிக்காமல் வெளியே கிளம்புவது நன்றன்று.

நான்காவது, துப்பாக்கி விலக்கப்பட்ட இடமென அரசு அறிவிக்கும் இடங்கள். 2016ஆம் ஆண்டு விதிகள் இதற்கு வகை செய்கின்றன.

ஐந்தாவது, விமானம். பயணி துப்பாக்கியுடன் இருக்கைக்குச் செல்ல இயலாது. முன்கூட்டியே தெரிவித்து, குண்டு நீக்கி, சரக்கறைக்குச் செல்லும் பெட்டியில் ஒப்படைத்தல் வேண்டும்.

ஆறாவது, உரிமத்தில் குறித்த எல்லைக்கு அப்பாற்பட்ட இடம். மகாராஷ்டிரத்திற்குள் மட்டும் செல்லும் உரிமத்தை நம்பி, துப்பாக்கியுடன் ரயிலேறி நெல்லைக்குச் செல்வது குற்றமாகும். கோடை விடுமுறையில் ஊருக்குச் செல்லும் நம்மவர் இதை மறத்தல் கூடாது.

இவை நீங்கலாகச் செல்லத்தக்க இடத்திலும் ஒரு முறை உண்டு. அமெரிக்காவில் மறைத்து எடுத்துச் செல்வதற்கெனத் தனி உரிமம் வழங்கும் மாநிலங்கள் உள்ளன. நம் நாட்டிலோ மறைத்துச் செல்வதே விதி! கைத்துப்பாக்கி உறையிலோ பையிலோ முழுவதும் மூடப்பட்டு, உடையவரின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். பொது இடத்தில் அதனை உருவிக் காட்டுவதே தவறு. திருமணங்களில் மகிழ்ச்சிக்காக வானை நோக்கிச் சுடும் வடநாட்டு வழக்கத்தால் உயிர்கள் பல போயின. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் அதனைத் தனிக் குற்றமாக்கி, பிறர் உயிருக்கு ஆபத்து விளையச் சுடுவோர்க்கு இரண்டு ஆண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கிறது.

ஏன் இத்தனை தடை?

"நல்லவன் கையில் இருந்தால் என்ன கேடு?" என்று கேட்பார் உண்டு. 1999 ஏப்ரல் 29ஆம் நாள் இரவு டில்லி மெஹ்ரௌலியில் ஒரு விருந்து நடந்தது. நேரம் கடந்துவிட்டதால் மது இல்லை என்று மறுத்ததற்காக ஜெசிகா லால் என்ற இளம்பெண் சுட்டுக் கொல்லப்பட்டாள். சுட்டவனிடம் இருந்தது உரிமம் பெற்ற .22 கைத்துப்பாக்கி! விசாரணை நீதிமன்றம் 2006 பிப்ரவரியில் அவனை விடுவித்தது, நாடே கொதித்தெழுந்தது. அவ்வாண்டு டிசம்பரில் டில்லி உயர் நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. 2010ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. உரிமம் ஒருவனுடைய முன்வரலாற்றைப் பார்த்துக் கொடுக்கப்படுவது. நாளை அவனுக்கு வரப்போகும் சினத்தை எந்தக் கமிஷனரால் முன்கூட்டி அறிய முடியும்?

2007 டிசம்பரில் குர்கானில் ஒரு பள்ளிக்குள் எட்டாம் வகுப்பு மாணவர் இருவர் தம் வகுப்புத் தோழனையே சுட்டுக் கொன்றனர். துப்பாக்கி வந்தது அவருள் ஒருவனின் வீட்டிலிருந்து. சிறுவர்க்கிடையே எழும் சச்சரவு கைகலப்போடு முடிவது உலக இயல்பு. அன்று அது உயிர்ப்பலியில் முடிந்ததற்குக் காரணம் வேறென்ன?

எல்லா நாட்டாரும் நம்மைப் போல் எண்ணவில்லை. டெக்சாஸ் மாநிலத்தில் 2016 ஆகஸ்ட் 1 முதல், உரிமம் பெற்றோர் கைத்துப்பாக்கியை மறைத்து வைத்துக்கொண்டு அரசுப் பல்கலைக்கழகக் கட்டடங்களுக்குள் நுழையலாம். 1966ஆம் ஆண்டு அதே ஆகஸ்ட் 1ஆம் நாள்தான் ஆஸ்டின் பல்கலைக்கழகக் கோபுரத்தின் மீதிருந்து ஒருவன் பலரைச் சுட்டுக் கொன்றான். தற்காப்புக்குத் துப்பாக்கி வேண்டும் என்பது அவர்கள் வாதம். அத்தகைய அமெரிக்காவிலும், துப்பாக்கி உரிமையை விரிவாக்கிய 2022ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, சட்டமன்றம், வாக்குச்சாவடி, நீதிமன்றம் ஆகிய இடங்களில் தடை விதிக்கலாம் என்பதை ஒப்புக்கொண்டது. மக்கள் வாதிட்டு முடிவு காணும் இடங்கள் அல்லவா அவை?

கல்லூரியும் அத்தகைய இடமே. ஆசிரியர் கருத்தை மாணவன் மறுக்கிறான். ஒரு மாணவன் பேச்சை மற்றொருவன் எள்ளி நகையாடுகிறான். மன்றத் தேர்தலில் நாம் போட்ட சத்தம் போதாதா? எதிரில் இருப்பவன் இடுப்பில் துப்பாக்கி இருக்கலாம் என்ற ஐயம் எழுந்தால், இந்த வாதம் நடக்குமா? அவனுடைய துப்பாக்கி வெடிக்க வேண்டுவதில்லை. அது அங்கே இருப்பதே நம் வாயை அடைத்துவிடும்.

அண்ணாச்சியின் விடை

இவ்வளவும் கேட்ட அண்ணாச்சி சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "சரி தம்பி, காரில் டிரைவரிடம் கொடுத்துவிட்டு வருகிறேன்" என்றார்.

அதுவும் கூடாது என்றேன். உரிமையாளரின் கண்முன்னோ, அவர் எழுதிக் கொடுத்த அனுமதியுடனோ, பழுது பார்க்கவும், உரிமம் புதுப்பிக்கவும், உரிமையாளரே பயன்படுத்தவும் பிறர் எடுத்துச் செல்லலாம் என்று சட்டம் கூறுகிறது. உரிமமில்லாத டிரைவரைக் காவல் வைத்துவிட்டுப் போக அதில் இடமில்லை. அன்றியும், கார் நிற்கப் போவது நம் வளாகத்திற்குள்தான்!

அவர் முகம் வாடியது. "பதினைந்து வருஷமாக இது இல்லாமல் நான் வெளியே போனதில்லை, தம்பி" என்றார் மெல்ல. அச்சொல்லில் இருந்தது செருக்கு அன்று, அச்சம் என்பதை அப்பொழுதுதான் உணர்ந்தேன். பெரியவரைப் புண்படுத்திவிட்டோமோ என்ற கலக்கத்துடன் விடைபெற்றேன்.

மறுநாள் அண்ணாச்சி வந்தார். வேட்டியும் சட்டையும் துண்டுமாக, நடந்தே நம் வாயிலைக் கடந்தார். ரிவால்வர் குண்டு நீக்கப்பட்டு வீட்டு இரும்புப் பெட்டியில் பூட்டப்பட்டிருந்தது. பொங்கல் பானை பொங்கியபொழுது மாணவரோடு மாணவராய் அவரும் குரல் கொடுத்தார். திரும்பும்பொழுது என் தோளில் கை வைத்து, "இன்றைக்கு இடுப்பு லேசாக இருக்கிறது, தம்பி" என்றார்.

நண்பர்களே! நம் விழாக்களுக்கு வரும் பெரியோருள் இன்னொருவரிடமும் துப்பாக்கி இருக்கலாம். அவரிடம் முன்னதாகவே சென்று, பணிவோடும் அச்சமின்றியும் சட்டத்தை எடுத்துச் சொல்லுங்கள். அழைப்பவர் வாய் திறவாமல் இருந்து, பின்னர் வாயிலில் காவலர் தடுத்தால், அவமானம் அவருக்கு மட்டுமன்று, நமக்குந்தான். மரியாதை என்பது வாளாவிருப்பதில் இல்லை. உரிய காலத்தில் உள்ளதை உரைப்பதில் இருக்கிறது.