பூனையின் கண்ணில் நீர் வடிதல்

ஒன்றுக்குப் பெயர் சூட்டுமுன் அதனை உற்றுநோக்குக என்பதே ஆசிரியப் பயிற்சியின்போது நமக்கு முதலில் கற்பிக்கப்பட்டது. அதனை முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிள்ளைகளுக்கு ஓதிவந்த நாமே, ஒரு பூனைக்குட்டியின் பொருட்டு அதனை மறந்தோம்.

மாட்டுக் கொட்டிலில் தாயின்றிக் கிடந்த இரண்டு மாதக் குட்டியைப் பேரன் எடுத்து வந்தான். தும்மலும் இரு கண்களிலும் நீரும் இருந்தன. வலக்கண்ணை மட்டும் அது பாதி மூடியே வைத்திருந்தது. சளிதான், தானே போய்விடும் என்றனர் வீட்டார். நாம் ஒருபடி மேலே சென்று, நமது கண்புரை அறுவைக்குப் பின் மீந்திருந்த சொட்டு மருந்தை அதன் கண்களில் விட்டோம். மூன்றாம் நாள் வலக்கருவிழியின்மேல் நீலம் பாய்ந்த மங்கல் படர்ந்தது.

கால்நடை மருத்துவ அம்மையார் செம்மஞ்சள் சாயம் ஒன்றைக் கண்ணில் இட்டு, நீல ஒளியில் நமக்குக் காட்டினார். ஓரிடம் பச்சையாக ஒளிர்ந்தது. கருவிழியின் மேற்படலம் சிதைந்த புண்ணிலேயே அச்சாயம் பற்றுமாம். நாம் விட்ட மருந்தில் ஸ்டீராய்டு கலந்திருந்தது. அது சிவப்பையும் வீக்கத்தையும் தணிக்கும். ஆனால் புண் உள்ள கருவிழியில் ஆறுதலைத் தடுத்துக் கிருமிக்கு இடங்கொடுக்கும். கருவிழி துளைபட்டுப் பார்வையே போவதும் உண்டு. அன்று நாம் நாணியதுபோல் எந்த வகுப்பறையிலும் நாணியதில்லை.

இனிப் பாடத்திற்கு வருவோம். கண்ணீர் எப்போதும் சுரந்துகொண்டே இருப்பது. விழியைக் கழுவியபின், மூக்கருகே உள்ள கண்மூலையின் இரு நுண்துளைகள் வழியே மூக்கினுள் வடிகிறது. எனவே கண்ணீர் வெளியே வழிந்தால் சுரப்பு மிகுந்திருத்தல் வேண்டும். அன்றேல் வடிகால் அடைபட்டிருத்தல் வேண்டும். தட்டை முகமுடைய பாரசீகப் பூனைகளுக்கு வடிகால் வளைந்து குறுகியிருப்பதால் நீர் ஓயாது வடியும். காய்ந்த கண்ணீர் செம்பழுப்பாகத் தெரியும். அதனைக் குருதி என்று அஞ்சவேண்டா.

ஒரு கண்ணில் மட்டும் திடீரென நீர் வடிந்தால் நகக்கீறலையோ புல்முனையையோ ஐயுறலாம். இரு கண்களிலும் நீரும் தும்மலும் சேர்ந்தால் பெரும்பாலும் தொற்றே. அதற்குப் பூனைகளின் ஹெர்பீஸ் வைரஸ், கலிசி வைரஸ், கிளமைடியா என்னும் நுண்ணுயிரி ஆகியவை முக்கிய காரணங்கள். இம்மூன்றுக்கும் மருத்துவம் ஒன்றன்று. கிளமைடியாவுக்குச் சில வாரங்கள் உள்மருந்து தேவைப்படும். கண் தெளிந்ததென இடையில் நிறுத்தினால் மீளும்.

நீங்காத கண்ணீருக்குப் பலமுறை மூலமாவது ஹெர்பீஸ். ஒருமுறை புகுந்தால் நரம்பில் ஒளிந்து வாழ்நாள் முழுதும் தங்கிவிடும்; வீடு மாறுதல், புதுப்பூனையின் வரவு, விருந்தினர் ஆரவாரம் போன்றவற்றால் பூனை கலங்கும்போது மீண்டும் தலைதூக்கும். நம் இல்லத்தில் ஒரு திருமணம் முடிந்த மறுவாரமே இதனைக் கண்டோம். இவ்வைரஸ் மனிதரைப் பற்றாது. லைசின் என்னும் சத்துப்பொருளைப் பலரும் இதற்குக் கொடுத்துவந்தனர். 2015-இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு அதனால் பயனில்லை என்று காட்டிற்று. தடுப்பூசி தொற்றை முற்றிலும் தடுக்காவிடினும் கடுமையைக் குறைக்கும். குட்டிக்கு ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கி, பதினாறு வாரம் ஆகும்வரை மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை போடுவர்.

வீட்டில் நாம் செய்யத்தக்கது தூய்மை செய்தலே. கொதித்து ஆறிய நீரில் பஞ்சை நனைத்து, பீளையின்மேல் சற்று வைத்து ஊறவிட வேண்டும். உலர்ந்ததைப் பிய்த்தால் தோல் புண்ணாகும். பின்னர் மூக்கோரத்திலிருந்து வெளிப்புறமாக ஒருமுறை துடைத்து, அப்பஞ்சை எறிந்துவிட வேண்டும். ஒரு கண்ணுக்கு இட்ட பஞ்சு மறுகண்ணுக்கு ஆகாது. குட்டியைப் பழைய துண்டில் சுற்றி, அதன் முதுகு நம்மைத் தொடுமாறு மடியில் இருத்திக்கொண்டால், தலைக்குப் பின்னிருந்தே சொட்டு விடலாம். புட்டி எதிரே வருவதைக் கண்டால்தான் அது நகத்தை நீட்டும். புட்டியின் முனை இமையில் படலாகாது. இரு மருந்துகளுக்கிடையே ஐந்து நிமிடம் இருக்கட்டும்; களிம்பு இறுதியில். முடிந்ததும் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுக.

தாய்ப்பால், விளக்கெண்ணெய், நந்தியாவட்டைச் சாறு இவற்றை அயலார் அன்போடு சொல்வர். புண்பட்ட விழியில் இவையொன்றும் வேண்டா. காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுப்பது இவற்றினும் கொடிது; ஒரு மாத்திரையே பூனையின் உயிரைப் போக்கவல்லது.

கண்ணைச் சுருக்குதல், காலால் தேய்த்தல், மஞ்சளாகவோ பச்சையாகவோ பீளை கட்டுதல், விழியில் மங்கல், இரு பாவைகளும் அளவில் வேறுபடுதல் ஆகியவற்றுள் ஒன்று காணினும் அன்றே மருத்துவரிடம் செல்க. வலக்கண் பாதி மூடியிருந்ததை நாம் முதல் நாளே கண்டும் பொருட்படுத்தவில்லை.

புண் ஆற ஐந்து வாரங்கள் சென்றன. குட்டி இப்போது பெரிய பூனை. வலக்கண்ணில் கடுகளவு பூ விழுந்து நிற்கிறது, பார்வை உண்டு. தீபாவளி வெடியோசைக்குப் பின் சில நாள் அக்கண்ணில் நீர் வடியும். பஞ்சும் வெந்நீரும் எடுத்து வருவது பேரனின் பொறுப்பு. நம் மருந்துப் பெட்டியிலுள்ள ஒவ்வொரு கண்மருந்துப் புட்டியின்மேலும் திறந்த நாளை எழுதி ஒட்டுவதும் அவனே; நான்கு வாரம் கடந்ததை நம்மைக் கேளாமலே எறிந்துவிடுகிறான்.