குரலைச் சுமக்கும் அலை

பினாங்குத் தீவின் தென்கிழக்கே அமைந்துள்ள பாயான் லெப்பாஸ், மின்னணுத் தொழிற்சாலைகளாலும் பன்னாட்டு விமான நிலையத்தாலும் பெயர்பெற்ற ஊராகும். 1970களில் இங்கு ஆலை அமைத்த மோட்டோரோலா நிறுவனம், இருவழி வானொலிக் கருவிகளை உருவாக்கியது. அருகிலுள்ள விமான நிலையத்திலோ, விமானிகளும் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் பணிபுரிவோரும் நாள்தோறும் வானொலி வழியாகவே பேசிக்கொள்கின்றனர்.

மனிதக் குரல் காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் வேகத்தில் செல்லும். சிறிது தொலைவிலேயே தேய்ந்துவிடும். வானொலி அலையோ மின்காந்த அலையாகும். அது நொடிக்கு ஏறத்தாழ 300,000 கிலோமீட்டர் வேகத்தில் பாயும். அதற்குக் காற்றும் தேவையில்லை. ஆகவே, குரலை இவ்வலையின்மீது ஏற்றி அனுப்புகின்றனர்.

விமானி பேசும்போது ஒலிவாங்கி அவரது குரலை மின்குறிகையாக மாற்றுகிறது. வானொலிக் கருவி, உயர் அதிர்வெண் கொண்ட ஊர்தி அலையின்மீது அக்குறிகையை ஏற்றுகிறது. இதுவே பண்பேற்றம் எனப்படும். குரலுக்கேற்ப அலையின் வீச்சு மாறினால் அது வீச்சுப் பண்பேற்றம். அதிர்வெண் மாறினால் அதிர்வெண் பண்பேற்றம். மின்னல் எஃப்.எம். போன்ற பண்பலை நிலையங்கள் இரண்டாம் முறையையும், விமானங்கள் முதல் முறையையும் பயன்படுத்துகின்றன.

கோபுரத்திலுள்ள ஏற்பியின் ஆன்டெனாவை ஒரே நேரத்தில் பற்பல அலைகள் வந்தடைகின்றன. ஒவ்வோர் அலையும் அதில் நுண்ணிய மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. ஊஞ்சலை அதன் ஆட்டத்திற்கேற்பத் தள்ளினால்தான் அது உயர எழும். அதுபோல, ஏற்பியிலுள்ள இசைவுச் சுற்று, குறிப்பிட்ட ஓர் அதிர்வெண்ணுக்கு மட்டுமே வலுவாக அதிர்கிறது. இவ்வாறு தேர்ந்தெடுத்த குறிகையைப் பெருக்கி, அதிலிருந்து குரலைப் பிரித்து, ஏற்பி ஒலிபெருக்கிக்கு அனுப்புகிறது.

ஒரே அலைவரிசையில் இருவர் ஒரே கணத்தில் பேசினால் என்ன நேரும்? அதிர்வெண் பண்பேற்றத்தில் வலுவான அலை மற்றதை அமுக்கிவிடும். இன்னொருவர் அழைத்ததே தெரியாமல் போகலாம். வீச்சுப் பண்பேற்றத்தில் இரண்டும் கலந்து கீச்சொலி எழும். வேறொருவரும் பேசுகிறார் என்பதை அது உணர்த்தும். ஆனால், செய்தி தெளிவாகக் கேட்காது.

1977ஆம் ஆண்டு ஸ்பெயினின் தெனெரீஃப் தீவில், இத்தகைய கீச்சொலியில் முக்கியச் செய்திகள் மறைந்தன. ஓடுபாதையில் இரு விமானங்கள் மோதி 583 பேர் மாண்டனர். அவ்விபத்துக்குப் பல காரணங்கள் இருந்தன. அவற்றுள் இதுவும் ஒன்றாகும்.

எனவேதான், விமானி பேசுமுன் அலைவரிசை ஓய்ந்துள்ளதா எனக் கவனிக்கிறார். பெற்ற கட்டளையைத் திரும்பக் கூறி உறுதிப்படுத்துகிறார். குரலைக் கொண்டு சேர்ப்பது அலையின் வேலை. அதைச் சரியாகப் புரிந்துகொள்வது மனிதரின் பொறுப்பு.