கடல் ஏன் கிட்டே வந்தது?

நண்பர்களும் பேரப்பிள்ளைகளுமாய் ஜூஹு கடற்கரைக்குப் போயிருந்தோம். குழந்தைகள் கட்டிய மணல்வீட்டை ஒரு மணி நேரத்திற்குள் கடல் விழுங்கிவிட்டது. "கடல் ஏன் தாத்தா கிட்டே வந்தது?" என்றாள் பேத்தி.

இதற்கு ஓதம் என்று பெயர். நிலவின் ஈர்ப்பே முதற்காரணம், சூரியனுக்கும் பங்குண்டு. கடல் ஏறக்குறைய 6 மணி நேரம் ஏறும். பிறகு அதே அளவு நேரம் வற்றும். மறுநாள் ஏற்றம் சுமார் 50 நிமிடம் தாமதமாக வரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வேகம் கூடும்.

மெரினாவில் ஏற்றத்திற்கும் வற்றத்திற்கும் வித்தியாசம் ஒரு மீட்டர் அளவே. மும்பையில் சில நாட்களில் 4 மீட்டரையும் தாண்டும். ஆகவே மெரினாவில் வளர்ந்த நம் பழக்கம் இங்கே உதவாது. ஏற்ற நேரத்தைக் கேட்டறிந்தே குழந்தைகளை அழைத்துச் செல்லுங்கள்.

'பரதி', 'ஓஹோட்டி' என்ற மராத்திச் சொற்களைப் பள்ளி சொல்லித்தரும். 'ஏற்றம்', 'வற்றம்' என்பவற்றை நாம்தானே சொல்லித்தர வேண்டும்!